சயோனாரா: பாதியில் நின்ற ஒரு வாக்கியம்

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, ஜப்பானிலிருந்து வந்திருந்த மூத்த பொறியாளர் ஒருவருக்குக் கீழே ஆறு மாதம் இருந்தேன். சேர்ந்த முதல் வாரம். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது, எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல்லை எடுத்துவிட்டேன்: “சயோனாரா சார்!”

கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்து மேசையில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னது: “நாளைக்கு வருவீங்கதானேன்னு கேக்கறார்.”

அசட்டுச் சிரிப்போடு பஸ் ஏறினேன். அதற்கப்புறம் இந்தச் சொல்லைப் பற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்ததில், மூன்று விதமான பதில்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று: சயோனாரா என்றால் ‘பை’, அவ்வளவுதான். இரண்டு: ‘இனி நாம் சந்திக்கப்போவதில்லை’ என்பதுதான் அதன் பொருள், ஜப்பானியர் யாரும் அதை வாயால் சொல்லவே மாட்டார்கள். மூன்றாவது, பூப்படம் போட்டு வாட்ஸாப்பில் வருவது: ‘பிரிந்துதான் ஆகவேண்டும் என்றால் அப்படியே ஆகட்டும்’ என்று அர்த்தமாம், என்னே ஜப்பானியரின் துறவு மனம்!

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதையும் முழுசாக நம்பினால் என்னைப் போல மாட்டிக்கொள்வோம். இந்தச் சொல் எப்படி உண்டானது என்று தெரிந்துவிட்டால் மூன்று குழப்பமும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடும். அதற்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களைவிட நமக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

## “சரி, அப்போ…”

அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். காப்பி குடித்தாயிற்று, ஊர்க்கதை பேசியாயிற்று. கிளம்ப வேண்டும். என்ன செய்வீர்கள்? நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, தொடை இரண்டையும் லேசாகத் தட்டி, “சரி, அப்போ…” என்று இழுப்பீர்கள். அங்கேயே நிறுத்தியும் விடுவீர்கள். எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. ஆனால் அத்தை அதற்குள் எழுந்து, “இரு, கொஞ்சம் மாங்காய் கட்டித் தர்றேன்” என்று உள்ளே போயிருப்பார்.

‘அப்போ’ என்ற சொல்லுக்குள் ‘நான் போகிறேன்’ எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. “அப்போ நான் கிளம்பறேன்” என்ற முழு வாக்கியத்தை ஆயிரம் தடவை கேட்டுப் பழகியதால், முதல் பாதி காதில் விழுந்ததுமே மறுபாதியை மனசு தானாகப் போட்டுக்கொள்கிறது. போனில் பேசி முடிக்கும்போதும் இதே கதைதான். “சரி… அப்ப… ம்ம்…” என்று மூன்று ஒலிகள். இரண்டு பக்கமும் புரிந்துகொண்டு வைத்துவிடுகிறோம்.

இப்படிச் சொல்லாமல் விட்ட பகுதி மறைந்து நின்று பொருள் தருவதை நம் இலக்கணத்தில் ‘தொக்கி நிற்றல்’ என்பார்கள். இந்த ஒரு கலைச்சொல்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சயோனாரா பிறந்த கதை முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

## பிரித்தால் என்ன வருகிறது?

சயோனாராவின் பழைய முழு வடிவம் ‘சயோ நராபா’. இரண்டு துண்டு. ‘சயோ’ என்றால் அப்படி, அவ்விதம். ‘நராபா’ என்றால் ஆனால், என்றால். இங்கே ‘ஆனால்’ என்று சொல்வது நிபந்தனையைக் குறிக்கும் ஆனால்: ‘நல்லவன் ஆனால் உதவுவான்’ என்பதில் வருகிறதே, அது.

இரண்டையும் சேர்த்தால் அப்படி + ஆனால் = அப்படியானால்.

இது நான் இழுத்துப் பொருத்தியதில்லை. துண்டுக்குத் துண்டு, அதே வரிசையில் தமிழில் உட்காருகிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல மூன்று நான்கு சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட வேண்டும்.

எடோ காலம் என்று ஜப்பானிய வரலாற்றில் ஒரு நீண்ட காலகட்டம் உண்டு, 1603 முதல் 1868 வரை. அந்தக் காலத்து மரியாதைப் பேச்சில் விடைபெறும்போது, “அப்படியானால், நான் உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்” என்றோ “அப்படியானால், நலமாக இருங்கள்” என்றோ சொல்வார்கள். எந்த ‘அப்படி’? தனியாக ஒன்றும் இல்லை. இதுவரை பேசினோமே, வேலை முடிந்ததே, நேரமாகிவிட்டதே, அந்த நிலைமை மொத்தத்தையும் சுட்டுகிற ‘அப்படி’. நாம் “சரி” என்று ஆரம்பிக்கிறோமே, எதற்குச் சரி என்று யாராவது கேட்கிறார்களா?

நாளடைவில் பின்பாதி தேய்ந்து விழுந்தது. நராபாவின் கடைசி ‘பா’வும் போயிற்று. மிச்சம் நின்றது சயோனரா.

இரண்டு துண்டும் இன்றைக்கும் ஜப்பானிய மொழியில் உயிரோடு இருக்கின்றன. ‘மழைன்னா போகமாட்டேன்’ என்பதில் வரும் ‘ன்னா’வுக்கு அங்கே ‘நரா’ என்றுதான் சொல்ல வேண்டும். பழைய பாணி மரியாதையில் “ஆமாங்க, அப்படித்தானுங்க” என்பதற்கு “சயோ தெ கொசாய்மாஸ்”. ஆகவே ஒரு ஜப்பானியர் நின்று யோசித்தால் சொல்லின் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஆனால் யார் நின்று யோசிக்கிறார்கள்? நாமும்தான் ‘ஆனால்’ என்பதை நிபந்தனையிலிருந்து பிய்த்தெடுத்து ‘இருந்தாலும்’ என்ற பொருளில் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம். இரண்டு வாக்கியத்துக்கு முன்னால்கூட ஒரு தடவை வந்தது, கவனித்திருக்க மாட்டீர்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சயோனாராவின் உறுப்புகளில் ‘பிரிவு’ என்ற பொருளும் இல்லை, ‘என்றென்றைக்கும்’ என்ற பொருளும் இல்லை. ‘அப்படியானால்…’ என்று தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியம் அது.

## ஜப்பானியருக்கு இது பழகிய வேலை

ஒரே ஒரு சொல் இப்படி ஆனது என்றால் விபத்து எனலாம். ஜப்பானிய மொழியில் விடைபெறும் சொற்கள் வரிசையாக இதே அச்சில் வார்த்தவை.

சயோனாராவுக்கும் மூத்தது ‘சராபா’. அதற்கும் ‘அப்படியென்றால்’ என்றுதான் பொருள். இன்றைக்குச் சரித்திர நாடகங்களிலும் பழைய பாட்டுகளிலும்தான் கேட்கும். இளையது ‘தெவா’. ‘அப்படின்னா, அப்போ’ என்று பொருள். அது பேச்சில் சுருங்கி ‘ஜா’ ஆயிற்று. நண்பர்கள் பிரியும்போது “ஜா நே” என்கிறார்களே, தமிழில் சொன்னால் அது “அப்போ, என்ன?” அவ்வளவுதான். பாட்டி, அம்மா, பேத்தி என்று மூன்று தலைமுறையும் அதே ‘அப்போ’. பழசு கொஞ்சம் விறைப்பாகத் தோன்ற ஆரம்பித்ததும் புதுசு ஒன்று கீழேயிருந்து வந்துவிடுகிறது.

வணக்கம் சொல்லும் சொற்களும் இப்படித்தான். எல்லோருக்கும் தெரிந்த ‘கொன்னிச்சிவா’ என்பது ‘இன்றைய தினமானது…’ என்ற தொடக்கம். ‘எப்படி இருக்கிறது?’ என்ற மீதி தொக்கி நிற்கிறது. வேலையிலிருந்து வீடு திரும்பி, செருப்பைக் கழற்றிக்கொண்டே “ததாய்மா” என்பார்கள். அதற்கு ‘இப்பதான்…’ என்று பொருள். ‘வந்தேன்’ என்பதை வாசற்படியே சொல்லிவிடுகிறது.

## அப்புறம் எங்கிருந்து வந்தது சோகம்?

சொல்லின் உள்ளே சோகம் இல்லையென்றால், அந்தப் பொறியாளர் ஏன் கண்ணாடியைக் கழற்றினார்?

இதற்கும் நம்மிடமே ஒரு உதாரணம் இருக்கிறது: ‘நன்றி, வணக்கம்’. மேடைப் பேச்சு முடிவில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. செய்தி வாசிப்பவர் சொன்னால் ரிமோட்டைத் தேடுவோம். இதையே வீட்டில், சாப்பாட்டு மேசையில், கணவன் மனைவியைப் பார்த்துச் சொன்னால்? “நன்றி. வணக்கம்.” அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. இரண்டு சொல்லிலும் கெட்ட பொருள் ஏதும் கிடையாது. பக்கத்தில் இருக்கிற ஆளிடம் எட்ட நிற்கிறவரின் சொல்லைப் பயன்படுத்தியதுதான் அடி. எப்போதும் ‘டா’ போட்டுப் பேசும் நண்பன் திடீரென்று ‘நீங்க’ என்று ஆரம்பித்தால் வயிற்றைப் பிசையுமே, அது மாதிரி.

சயோனாரா இன்றைய ஜப்பானில் அப்படி ஒரு இடத்தில் இருக்கிறது. முறையானது, கொஞ்சம் எட்ட நிற்பது. பிரிவுக்கு முத்திரை குத்துவது. அதனால் குடும்பத்துக்குள் சொல்வதில்லை. அலுவலகத்தில் மேலதிகாரியிடமும் சொல்வதில்லை. காதலர்கள் சண்டையின் முடிவில் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். ‘இனிமேல் சந்திப்பில்லை’ என்ற வியாக்கியானம் இந்தக் கடைசி இடத்திலிருந்து கிளம்பியதுதான்.

அதற்காக ஜப்பானியர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள் என்பது அபாண்டம். தொடக்கப் பள்ளியில் சாயங்கால மணி அடிக்கும் நேரம் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எழுந்து நின்று, குனிந்து, ராகம் போட்டு, “செ…ன்செய், சயோ…னரா! மினா…சான், சயோ…னரா!” என்று கத்துவார்கள். ஆசிரியரே போய் வருகிறோம், எல்லோருக்கும் போய் வருகிறோம் என்பதுபோல. அடுத்த நாள் காலை அதே பிள்ளைகள் அதே பெஞ்சில்தான். நம் ஊர் வகுப்பில் ‘வ…ணக்கம் ஐ…யா’ என்று இழுப்போமே, அந்த ராகத்துக்கு அண்ணன் தம்பி முறை.

இன்னொரு சாட்சி யோதோகாவா நகஹாரு. சினிமா விமர்சகர். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் ஒன்றை அறிமுகம் செய்து, முடிவில் கேமராவைப் பார்த்து, “சயோனாரா, சயோனாரா, சயோனாரா” என்று மூன்று முறை சொல்லி விடைபெறுவார். 1966-ல் ஆரம்பித்து, 1998-ல் காலமாகும் வரை முப்பத்திரண்டு வருடம் அந்த இருக்கை அவருடையது. சயோனாரா என்றால் இனி வரமாட்டேன் என்று பொருளானால், வாராவாரம் மூன்று தடவை பொய் சொன்ன மனிதர் அவர். ஜப்பானோ அவரைச் செல்லம் கொஞ்சியது.

கனம் சொல்லில் இல்லை, யார் யாரிடம் எப்போது சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. வகுப்பறையில் லேசு, படுக்கையறையில் பாறாங்கல்.

## ‘ஆகவேண்டும் என்றால்’ யார் சேர்த்தது?

வாட்ஸாப் தத்துவத்துக்கு ஒரு நல்ல மூலம் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஆன் மாரோ லிண்ட்பெர்க். 1931-ல் கணவர் சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கோடு சிறு விமானத்தில் வடக்கு வழியாக ஜப்பானும் சீனாவும் போய் வந்து, 1935-ல் பயண நூல் எழுதினார். அதில் சயோனாராவைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ‘மறுபடி பார்ப்போம்’ வகையைச் சேர்ந்த பிரெஞ்சு, ஜெர்மன் விடைச்சொற்கள் பிரிவின் வலியை மழுப்புகின்றன, சயோனாராவோ இப்படித்தான் ஆகவேண்டும் என்று உண்மையை ஏற்றுக்கொள்கிறது என்ற பொருளில் எழுதியிருந்தார். அழகான எழுத்து. அதனால்தான் ஊர் ஊராகப் பரவியது.

ஆனால் அந்த ‘வேண்டும்’ அவர் போட்டது. ஜப்பானியச் சொல்லில் ‘அப்படி’ இருக்கிறது, ‘ஆனால்’ இருக்கிறது, ‘வேண்டும்’ இல்லை. நம் “சரி, அப்போ…” என்பதை ஒரு வெளிநாட்டவர் கேட்டுவிட்டு, ‘தமிழர்கள் பிரியும்போது விதியை ஒப்புக்கொண்டு சரி என்கிறார்கள், அப்புறம் காலத்தை நோக்கி அப்போது என்கிறார்கள்’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? கேட்க நன்றாகத்தான் இருக்கும். மாங்காய் கட்டிக்கொண்டிருக்கும் அத்தைக்குத்தான் புரியாது.

தமிழ் கற்கும் ஒருவர் “வரட்டா?” என்பதைக் கேட்டும் இப்படியே குழம்பலாம். போகிற ஆள் வரட்டுமா என்கிறாரே! ஆங்கிலத்தின் குட்பைக்குள் ‘கடவுள் உன்னோடு இருப்பாராக’ என்ற வாக்கியம் நசுங்கிக் கிடக்கிறது. நாத்திகர்களும்தான் குட்பை சொல்கிறார்கள். வேர்ப்பொருளைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். சொல்கிறவர் அதை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதில்தான் வழுக்கல்.

## கடல் தாண்டியதும் என்ன ஆயிற்று

ஒரு மொழி இன்னொன்றிலிருந்து எடுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் சொல்லைக் கடன்சொல் என்பார்கள். திருப்பிக் கொடுக்காத கடன். பெரும்பாலான கடன், பொருள் வந்ததால் வரும் பெயர். ரிக்‌ஷா அப்படித்தான் ஜப்பானிலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் தமிழ்க் குழந்தைகளுக்கும் சுனாமி என்ற ஜப்பானியச் சொல் தெரியும்.

விடைபெறும் சொல்லை ஏன் கடன் வாங்க வேண்டும்? எல்லா மொழியிலும்தான் அது இருக்கிறதே! இப்படி, தேவையில்லாமலே வாங்குகிற கடனில் சொல்லோடு ஒரு வாசனையும் வருகிறது. வெளியூர் வாசனை. சில நேரம் பொருள் மொத்தமும் போய் வாசனை மட்டும் மிஞ்சும்.

1853-ல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டின. அதற்கப்புறம் போன பயணிகளின் எழுத்துகளில் சயோனாரா ஆங்கிலத்துக்கு வர ஆரம்பித்தது. சாதாரண அமெரிக்கன் வாயில் அது புழங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால். 1945 முதல் 1952 வரை ஜப்பானில் நேச நாட்டுப் படைகள் இருந்தன. சிப்பாய்கள் திரும்பும்போது சில சொற்களையும் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். குழுத் தலைவனைக் குறிக்கும் ‘ஹன்ச்சோ’ ஆங்கிலத்தில் ‘ஹோன்ச்சோ’ ஆனது அப்படித்தான். 1957-ல் மார்லன் பிராண்டோ நடித்த படத்துக்குப் பெயரே சயோனாரா. அமெரிக்க விமானப்படை அதிகாரிக்கும் ஜப்பானிய மேடைக் கலைஞருக்கும் காதல். படத்தின் கடைசியில் நாயகன் அந்தச் சொல்லைத் தன் காதலை எதிர்க்கிற இராணுவப் பெரியவர்கள் பக்கம் வீசிவிட்டுப் போகிறான். ‘போங்கய்யா’ என்கிற தொனி.

அந்தத் தொனிதான் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. ஜப்பானில் முறையான, எட்ட நிற்கிற சொல், ஆங்கிலத்தில் கொச்சையும் கேலியுமாக ஆயிற்று. பழைய காரை விற்றாயிற்றா, சயோனாரா. வேலையை விட்டாயிற்றா, சயோனாரா. சரியாக நம் இளைஞர்கள் மீம்களில் “நன்றி, வணக்கம்” என்று ஒரு விவாதத்தை இழுத்து மூடுகிறார்களே, அதே உத்தி. ரொம்ப மரியாதையான சொல்லை எடுத்துக் கதவைச் சாத்துவதற்குப் பயன்படுத்துவது.

இந்தியாவுக்கு அது சினிமா வழியாக வந்தது. 1966-ல் வெளியான ‘லவ் இன் டோக்கியோ’ என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய சயோனாராப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. அந்தப் பாட்டில் நாயகி, நாளைக்கு மறுபடி வருவேன், சயோனாரா என்கிறாள். நிரந்தரப் பிரிவும் இல்லை, துறவு மனமும் இல்லை. முதல் வாரத்தில் நான் வீசிய சயோனாராவுக்கு அந்தப் பாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். வீட்டில் அப்பா முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

சீனத்தில் வேறு கதி. 1924-ல் தாகூர் சீனாவிலிருந்து ஜப்பான் போனபோது உடன் சென்றவர் சீனக் கவிஞர் ஷு ஷிமோ. விடைபெறும்போது நாணித் தலை குனியும் ஒரு ஜப்பானியப் பெண்ணைப் பற்றிச் சின்னக் கவிதை எழுதி, சயோனாராவின் ஒலிக்கு ஏற்ற நான்கு சீன எழுத்துகளைப் பொறுக்கி ‘ஷாயாங்னாலா’ என்று அதற்கு உருவம் கொடுத்தார். அங்கே அந்தச் சொல் இனிப்பும் சோகமும் கலந்த கவிதைச் சொல்.

ஸ்பெயினில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1991-ல் வந்த இரண்டாவது ‘டெர்மினேட்டர்’ படத்தில் அர்னால்ட் ஆங்கிலப் பேச்சின் நடுவே “அஸ்தா லா விஸ்தா, பேபி” என்று ஸ்பானியச் சொல்லை விட்டுவிட்டுச் சுடுவாரே, ஞாபகமிருக்கிறதா? ஸ்பெயினில் டப்பிங் செய்தவர்களுக்குத் தலைவலி. அவர்களுக்கு அது வெளியூர்ச் சொல்லே இல்லை, தினமும் சொல்கிற சொல். பன்ச் போய்விடும். என்ன செய்தார்கள்? “சயோனாரா, பேபி.” அந்த இடத்துக்கு வேண்டியிருந்தது வெளியூர் வாசனை மட்டும்தான். அதற்குச் சயோனாரா கச்சிதமாகப் பொருந்தியது.

கிரேக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே. அவர்கள் மொழியில் ‘சயோனாரா’ என்றால் ரப்பர் செருப்பு! கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே வார் போகுமே, அந்தச் செருப்பு. ஜப்பானின் ‘சோரி’ என்ற வைக்கோல் செருப்புதான் இதற்கு மூதாதை. போலந்தில் இதை ‘யபோன்கி’ என்கிறார்கள், ஜப்பான்காரி என்பது போல. நியூசிலாந்தில் ‘ஜாண்டல்’, ஜப்பானியச் சாண்டல் என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் மட்டும் செருப்புக்கு விடைபெறும் சொல்லே பெயராகிவிட்டது. ஏதென்ஸ் கடையில் போய்ச் சயோனாரா என்றால் சைஸ் கேட்பார்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: கடன் வாங்கிய ஒவ்வொரு மொழியும் சொல்லின் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே தன் சரக்கைப் போட்டுக்கொண்டது. ஓர் இடத்தில் கேலி, ஓர் இடத்தில் கவிதை, ஓர் இடத்தில் ரப்பர். ‘அப்படியானால்’ என்ற அசல் பொருள் எங்குமே கப்பல் ஏறவில்லை.

## ஒரு பேஸ்பால் இடைச்செருகல்

ஜப்பானிலேயே சயோனாரா ஜாலியாகப் புழங்கும் இடம் ஒன்று உண்டு: பேஸ்பால். கடைசிச் சுற்றில் பின்னால் ஆடும் அணி வெற்றிக்கான ஓட்டத்தை எடுத்த கணமே ஆட்டம் முடிந்துவிடும். கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்து ஜெயிப்பது போல. அந்த அடிக்கு ஜப்பானில் ‘சயோனாரா ஹோம் ரன்’ என்று பெயர். எதிரணியின் தப்பால் ஓட்டம் வந்தால் அது ‘சயோனாரா எர்ரர்’.

1959 ஜூன் 25 அன்று டோக்கியோவின் கொராகுவென் அரங்கில் ஜயண்ட்ஸ் அணியும் டைகர்ஸ் அணியும் மோதிய ஆட்டத்தைப் பார்க்கப் பேரரசர் வந்திருந்தார். 4-4 என்ற சமநிலையில் ஒன்பதாவது சுற்றில் ஜயண்ட்ஸ் ஆட்டக்காரர் நகஷிமா ஷிகேயோ அடித்த சயோனாரா ஹோம் ரன்னை அந்த நாட்டில் இன்னும் பேசுகிறார்கள். அன்றைக்கு அந்தச் சொல்லில் அழுகை இல்லை, கேட்டது டைகர்ஸ் ரசிகர் இல்லையென்றால்.

## உச்சரிப்பு: மாத்திரை கணக்கு

நாம் எழுதுகிற ‘சயோனாரா’வில் நீளம் கூடுதல். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவே குறில், நெடில் உண்டு. அங்கேயும் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணலாம். ஹைக்கூவின் 5-7-5 கணக்கு இந்த மாத்திரையில் எண்ணுவதுதான். ச, யோ, ன, ர: ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று. மொத்தம் ஐந்து. நம் ‘சயோனாரா’ ஏழு மாத்திரைக்கு நீள்கிறது. ஆங்கிலக்காரர்கள் ‘னா’வை அழுத்திச் சொல்லி நமக்குக் கொடுத்த நீளம் அது. யோவை மட்டும் இழுத்து, மற்றதைக் குட்டையாக ‘சயோனர’ என்றால் ஜப்பானியர் காதுக்குப் பக்கத்தில் போய்விடும்.

## சரி, அப்போ என்னதான் சொல்வது?

அலுவலகத்தில் மற்றவர்களுக்கு முன்னால் கிளம்பினால், “ஒசாகி நி ஷிட்சுரேய் ஷிமாஸ்”. முன்னாடி போகிறேன், மன்னிக்கணும் என்று பொருள். இருப்பவர்கள், “ஒட்சுகாரேசாமா” என்பார்கள். களைத்திருப்பீர்கள் என்ற பரிவு. நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது அந்த முதல் வாக்கியத்தைத்தான். நண்பர்களிடம் “ஜா நே” அல்லது “மதா நே”, அதாவது மறுபடி. உடம்பு சரியில்லாதவரிடம் “ஒதாய்ஜி நி”, உடம்பைப் பார்த்துக்கோங்க. இளைஞர்களும் குழந்தைகளும் சர்வசாதாரணமாகச் சொல்வது “பாய் பாய்”. ஆமாம், ஆங்கிலத்து பை-பைதான். சயோனாராவை ஏற்றுமதி செய்துவிட்டு இதை இறக்குமதி செய்துகொண்டார்கள்.

நமக்கென்றே இருப்பது போன்ற ஒன்று வீட்டுச் சொல். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் “இத்தே கிமாஸ்” என்கிறார். ‘இத்தே’ என்றால் போய். ‘கிமாஸ்’ என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! உள்ளேயிருந்து பதில் வரும்: “இத்தே ராஷ்ஷாய்.” போய் வாருங்கள். ‘போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று பாட்டியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உடனே, தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு தொடர்பை வாதிட்டார் என்பது உண்மை. மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. வினைச்சொல் கடைசியில் வருகிற மொழிகள் பலவற்றிலும் இப்படி எச்சத்தையும் வினையையும் கோக்கும் பழக்கம் உண்டு. உறவு இல்லாதவர்கள் ஒரே மாதிரி பின்னல் போடுவதில்லையா, அது போல.

ஜப்பானில் தங்கும் விடுதிகளில், காலையில் ஊர் சுற்றக் கிளம்பி வரவேற்பு மேசையைத் தாண்டும்போது, அங்கே நிற்பவர் குனிந்து “இத்தே ராஷ்ஷாய்மாசே” என்பார். சாயங்காலம் திரும்பி வரப்போகிறவரை அனுப்புகிற சொல். புரியாமல் விழித்து, தெரிந்த ஒரே சொல்லான சயோனாராவை அவிழ்த்துவிட்டால், ‘ரூமைக் காலி செய்கிறீர்களா?’ என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலும் திறப்பார். “இத்தே கிமாஸ்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.